உயிரெடை

அணி புறப்படுவதற்கு முன் ஒவ்வொருவராக வந்து பிரகாசியின் இடது மணிக்கட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கமில்லை. பல் துலக்குவது போல, துப்பாக்கிக் குழலிலிருந்து மணலைத் தட்டுவது போல, அதுவும் ஒரு காலை வேலை. சிலர் விரல் நுனியால் தொடுவார்கள். அணித்தலைவர் சங்கரபாண்டி மட்டும் தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இசக்கிராஜ் கடைசியாக வருவான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனுக்குத் தெரியாது.

"எக்கா, நேத்து குளிக்கலியா? தாயத்துல உப்புப் பூத்துக் கெடக்கு."

"கைய எடுல. இல்லன்னா அந்த வெரல் உனக்குத் துப்பாக்கி விசைக்கு மிஞ்சாது."

"ஆத்தாடி! நம்ம தாயத்து கடிக்குது அண்ணாச்சி!"

எல்லோரும் சிரிப்பார்கள். பிரகாசியும் சிரித்துவைப்பாள். அவர்கள் தொடுவது அவள் கையை அல்ல, கையில் பூட்டியிருந்த செம்மஞ்சள் பட்டையை. மற்ற பதினொரு பேரின் பட்டைகளும் கறுப்பு. எல்லாப் பட்டைகளும் நாடித்துடிப்பை எண்ணும், ஆள் எங்கே இருக்கிறான் என்று சொல்லும், உயிர் போனால் உடனே தளத்துக்குத் தெரிவிக்கும். அவளுடைய பட்டைக்கு மட்டும் எடை அதிகம். பெண் வந்து சேர்ந்த அணிகளைப் பார்த்து மற்ற அணிகள் பொறாமைப்படும். கடலெல்லையின் மணல்திட்டுகளில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. தாயத்து, அவ்வளவுதான்.

அதை அவள் பெரிதுபடுத்தாமல்தான் இருந்தாள். எதையும் வரிசைப்படுத்தி யோசிப்பது அவள் சுபாவம். பயிற்சிக் களத்தில் குறிபார்த்துச் சுடுவதில் ஆண்களையும் சேர்த்து அவள்தான் முதல். ஆகவே திறமைக்காகத்தான் எடுத்தார்கள். ஆனால் மேடேறும்போது அவளை எப்போதும் நடுவில்தான் நிறுத்துகிறார்கள். ஆகவே வேறு எதற்காகவோ எடுத்திருக்கிறார்கள். இந்த இரண்டு ஆகவேக்களுக்கும் நடுவே அவள் பல நாள் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறாள். ஒருமுறை சங்கரபாண்டியிடம் கேட்டும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நான் முன்னால போறேன்."

"நீ போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா, தாயி?"

அதை அவள் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். அதை நினைத்தால் பின்னாளில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மக்கள்தொகை பாதியாகக் குறைந்துவிட்ட நாட்டில் பெண்கள் போர்முனைக்குப் போகலாமா என்று நாடாளுமன்றத்தில் வருடக்கணக்காக வாதம் நடந்தது. உடல் வலிமை பற்றிய பேச்சு சீக்கிரம் அடங்கிவிட்டது. வலிமை கூட்டும் எஃகுச் சட்டையை மாட்டிக்கொண்டால் எல்லோருக்கும் ஒரே வலிமைதான். கடைசிவரை அடங்காத வாதம் ஒன்றுதான். ஓர் ஆண் செத்தால் ஓர் ஆள் போகிறான். ஒரு பெண் செத்தால் அவள் பெறவிருந்த பிள்ளைகளும் போகிறார்கள். அதற்கு விடையாக வந்ததுதான் உயிரீட்டுச் சட்டம். போர்முனைக்குப் போக விரும்பும் பெண் முதலில் தன் கருமுட்டைகளை அரசிடம் வைப்பாகத் தர வேண்டும். அவள் களத்தில் இறந்தால் அவற்றிலிருந்து இரண்டு உயிர்களை அரசு வளர்பேழையில் வளர்த்து ஆளாக்கும். ஈட்டுயிர் என்று அதற்குப் பெயர்.

இரண்டு பிள்ளைகளை வளர்ப்பது லேசுப்பட்ட செலவில்லை. அதனால் அவள் சாகாமல் இருப்பது அரசுக்கு லாபம். போர்முனையிலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கி வரும் மீட்பு ட்ரோன்கள் எப்போதும் போதாது. நீண்ட கால்களைத் தொங்கவிட்டு இறங்கும் அவற்றைப் படையில் கொக்கு என்பார்கள். யாரை முதலில் தூக்குவது என்பதை மனிதன் முடிவு செய்தால் வழக்கு வரும் என்று அந்த வேலையைக் கணிப்பொறியிடம் விட்டிருந்தார்கள். அது ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் உயிரெடை போட்டது. ஆணுக்கு ஒன்று. பெண்ணுக்கு மூன்று. கூட்டெடை எங்கே அதிகமோ அந்த அணியின் தலைக்கு மேல்தான் கொக்குகள் வட்டமிடும்.

ஒன்பதாம் திட்டில் சண்டை நடந்த அன்று எல்லாத் திட்டுகளிலும் ஒரே நேரத்தில் அடி விழுந்தது. கொக்குகள் நாலாபுறமும் சிதறிப் போயின. தாழம்புதருக்குப் பின்னால் இசக்கிராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பிரகாசி அவனுடைய கறுப்புப் பட்டையைத் தட்டி மீட்புக்குக் கேட்டாள். பட்டை மென்மையான குரலில் பதில் சொன்னது: "நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்."

மறுபடி தட்டினாள். மறுபடி வரிசை.

"எக்கா," என்றான் இசக்கிராஜ். முகம் சாம்பலாகியிருந்தது. "வெளையாட்டுக்குச் சொல்லுவேன்லா... அடிபட்டா ஒம் பட்டையக் குடுன்னு..."

"பேசாதல."

"வெளையாட்டுக்குத்தான்க்கா. வேண்டாம்."

அவள் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் மிகக் குறைவு. அவளுக்குக் காயமில்லை. அவனுக்கு வயிறு கிழிந்திருக்கிறது. மூன்று எடையுள்ள பட்டையில் துடிப்பு தளர்ந்தால் கொக்கு மற்றதையெல்லாம் போட்டுவிட்டு வரும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, உப்புநீரில் நனைத்து உருவினால் பட்டை கழன்றுவிடும் என்பது எல்லா அணிகளிலும் தெரிந்த ரகசியம். தோல் உரிய உருவி அவன் கையில் மாட்டினாள். அவனுடைய பட்டையைக் கழற்றி வெறுமனே விட்டால் அவன் செத்துவிட்டதாகத் தளத்துக்குச் செய்தி போகும். அதைத் தன் கையில் போட்டுக்கொண்டாள்.

கொக்கு உடனே வந்தது. தூக்கிக்கொண்டு போனது.

பிறகு எதிரிகள் கரையேறினார்கள். சங்கரபாண்டி படகுக்குப் பின்வாங்கச் சொன்னார். யாராவது மேட்டில் இருந்து சுட்டுக்கொண்டே இருந்தால்தான் மற்றவர்கள் படகை எட்ட முடியும். பிரகாசி மேட்டில் இருந்தாள். படகு போய்ச் சேர்ந்தது. அவள் போய்ச் சேரவில்லை.

பாதித் திட்டு எதிரியிடம் போனது. மீதிப் பாதியில், தாழைக்காட்டில், பச்சை நண்டைத் தின்று, உப்புநீக்கிக் குழலில் கடல்நீரை உறிஞ்சிக்கொண்டு ஆறு வாரம் கிடந்தாள். பட்டையைத் தட்டினால் அந்த மென்மையான குரல் மட்டும் வரும். வரிசையில் இருக்கிறீர்கள். அவளுடைய சொந்தப் பட்டை கையில் இருந்திருந்தால் மறுநாளே வந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆறு வாரமும் அவளைத் தாங்கியது ஒரு கணக்குதான்: இசக்கி பிழைத்திருப்பான்.

போர்நிறுத்தம் வந்த பிறகு, விடுபட்டவர்களை ஏற்ற ஒரு படகு வந்தது. தென்கரைத் தளத்தின் படகுத்துறையில் அவள் இறங்கியபோது, கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் முண்டியடித்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு புதுக் கைலிச் சாரமும் சட்டையும் இருந்தன. சேரன்மகாதேவியிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி வந்திருந்தாள்.

"எம்மா, இசக்கிராஜுன்னு ஒரு பையன். இந்தப் படகுலதான் வாரான்னு செய்தி போட்டுருக்கு. பின்னால வாரானா?"

பிரகாசிக்கு உடனே புரியவில்லை. "அவனா? அவன் ஆஸ்பத்திரியிலல்லா இருப்பான். அன்னைக்கே கொக்கு தூக்கிட்டுப் போச்சே."

"இல்லியே. திட்டுலதான் இருக்கான்னாவ. வரிசையில இருக்கான், வருவான்னாவ." அவள் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். பச்சைக் கோடு ஒன்று எழும்பி எழும்பி ஓடிக்கொண்டிருந்தது. மேலே இசக்கிராஜின் பெயர். "இந்தா பாரு, அவன் நாடி. ஆறு வாரமா இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பொழுது சாஞ்சா வெரசா அடிக்கும். புள்ள பயந்துட்டான் போலன்னு நானும் படுக்காமக் கெடப்பேன்."

பிரகாசி தன் இடக்கையைப் பார்த்தாள். திரையில் கோடு திடீரென்று வேகம் பிடித்தது.

அந்த அம்மாள் திரையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கறுப்புப் பட்டையைப் பார்த்தாள். அவள் பெயர் வடிவம்மை. கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே தளத்தின் அலுவலகக் கட்டடம்வரை அவள் கூடவே நடந்தாள். பிரகாசிதான் நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் குரலே யாரோ பொய் சொல்வது போல அவளுக்குக் கேட்டது.

உயிரீட்டுத் துறையின் இயக்குநர் அமிர்தகௌரி அறுபதை நெருங்கியவர். கத்தரித்த நரைமுடி, கசங்காத பருத்திப் புடவை. பிரகாசியைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அடையாளம் சொல்ல சங்கரபாண்டியை வரவழைத்திருந்தார்கள். அவர் ஜன்னலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரகாசியின் கையிலிருந்த கறுப்புப் பட்டையை ஓர் ஊழியர் கழற்றி எடுத்துப் போனார். வடிவம்மையின் கைப்பேசியில் கோடு படுத்துவிட்டது.

"எம் மவன் எங்க?" என்றாள் வடிவம்மை.

இயக்குநர் உட்கார்ந்தார். "அம்மா, உங்க மகனைக் கொக்கு கொண்டுவந்தப்போ உயிர் இருந்தது. மூணு எடைங்கிறதால நேரா அறுவை அறைக்குத்தான் போனார். அங்க போனதும்தான், பட்டை ஒரு பெண்ணோடது, ஆள் ஆண்னு தெரிஞ்சது. அதனால எடை திருத்தப்பட்டது."

"அப்படின்னா?" என்றாள் பிரகாசி.

"வரிசையில அவருக்குரிய இடத்துக்குப் போனார். நடைகூடத்துல காத்திருந்தார். அன்னைக்குக் கூட்டம் அதிகம்."

"மேசையிலேருந்து எறக்கிட்டீங்க."

"எடை திருத்தப்பட்டது," என்றார் இயக்குநர் மறுபடி, மெதுவாக.

வடிவம்மை கேட்டாள்: "எவ்வளவு நேரம் கெடந்தான்?"

இயக்குநர் மேசையிலிருந்த அறிக்கையைப் புரட்டினார்.

மீதியை அதிலிருந்து வாசித்துச் சொன்னார். மருத்துவமனை எடையைத் திருத்தியதே தவிர, பட்டையில் பெயரைத் திருத்தவில்லை. அது வேறு துறையின் வேலையாம். ஆகவே நடைகூடத்தில் இசக்கிராஜின் துடிப்பு நின்றபோது கணக்கில் பிரகாசி செத்துப்போனாள். உயிரீட்டுத் துறையின் கணிப்பொறி யாரையும் கேட்காமல் ஈட்டுயிர்களைத் தொடங்கிவிட்டது. கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

இயக்குநர் சுவர்த்திரையைத் தட்டினார். இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு வளர்பேழைகள். ஒவ்வொன்றிலும் மொச்சைக்கொட்டை அளவில் ஏதோ ஒன்று சுருண்டு கிடந்தது.

"ரெண்டும் பெண்," என்றார். குரலில் உண்மையான கனிவு இருந்தது. "நல்லா வளருது."

பிரகாசி பார்த்தாள். தனக்குள் பாசம் எங்காவது கிளம்புகிறதா என்று தேடினாள். இல்லை. வெறுப்பும் இல்லை. தன்னிடம் ஏதோ கோளாறோ என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது. பிறகு தோன்றியது, வீட்டுக்குள் ஆள் இல்லை என்று பூட்டை உடைத்துப் புகுந்தவர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து காபி கொடுத்தால் யாருக்கும் இப்படித்தான் இருக்கும்.

"சரி, நான் சாகலல்லா. என் அணிக்குத் திரும்பணும். நாளைக்கே போகலாமா?"

இயக்குநர் சங்கரபாண்டியைப் பார்த்தார். சங்கரபாண்டி தரையைப் பார்த்தார்.

"போகலாம். சட்டம் தடுக்கல," என்றார் இயக்குநர். "ஆனா உங்களுக்கான ஈடு தொடங்கியாச்சு. ரெண்டு தடவை ஈடு கிடையாது. கணிப்பொறிக் கணக்குப்படி உங்க உயிரெடை இப்போ பூஜ்யம்."

"ஆம்பளைக்கு ஒண்ணு. எனக்குப் பூஜ்யமா?"

"உங்க இழப்பை ஏற்கெனவே கழிச்சாச்சு. கணக்குல அப்படித்தான் வருது."

பிரகாசி திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. என் இடம் இருக்குல்லா?"

சங்கரபாண்டி தொண்டையைச் செருமினார். "தாயி, நீ மேட்டுல நிக்கலன்னா நாங்க பத்துப் பேரும் படகு ஏறியிருக்க மாட்டோம். எங்க குலமே ஒனக்குக் கடன்பட்டது. ஆனா பாரு... நீ வந்தா ஒனக்காகக் கொக்கு வராதே. பயலுவ நெலமையையும் நெனைக்கணும்லா. வேற ஒரு பொண்ணு வந்துட்டா. சின்னப் பொண்ணுதான்."

"சுடுவாளா?"

"கத்துக்குவா."

இரண்டு ஆகவேக்களில் எது சரி என்பது இத்தனை நாள் கழித்து அவளுக்கு விளங்கிவிட்டது. ஆச்சரியமாக, அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"அப்போ ஒங்களுக்குச் சிப்பாய் வேண்டாம். பட்டைதான் வேணும். கைய வெட்டி எடுத்துட்டுப் போயிருக்கலாமே அண்ணாச்சி? சோறாவது மிச்சமாயிருக்கும்."

"அப்படிச் சொல்லாத, தாயி."

"தாயின்னு கூப்பிடாதீங்க."

இயக்குநர் கையை உயர்த்தினார். "பிரகாசி, உங்க கோபம் எனக்குப் புரியாம இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே உரிமைக்காக ரோட்டுல நின்னு அடி வாங்கினவ நான். 'பெண் செத்தா நாட்டோட எதிர்காலம் செத்துடும்'னு ஒரே ஒரு வாதத்தை வெச்சுக் கதவைச் சாத்தி வெச்சிருந்தாங்க. அந்த வாதத்தை உடைக்க எங்களுக்கு வேற வழி தெரியல. இந்தச் சட்டம் இல்லன்னா உங்க கையில துப்பாக்கியே வந்திருக்காது."

"நீங்க அந்த வாதத்தை உடைக்கலம்மா. அதைச் சட்டமாக்கிக் குடுத்துட்டீங்க. ஒங்கள ரோட்டுல அடிச்சவன் என்ன சொன்னானோ, அதைத்தான் இப்போ இந்தக் கணிப்பொறி மரியாதையான குரல்ல சொல்லுது."

இயக்குநரின் முகம் ஒருகணம் வெளுத்தது. பிறகு மேசையிலிருந்த கையொப்பத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். ஒளிரும் தட்டில் இரண்டு கட்டங்கள் இருந்தன.

"நடந்ததை மாத்த முடியாது. இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். முதல் கட்டத்துல விரல் வெச்சா, இந்த ரெண்டு குழந்தைக்கும் நீங்க தாய். வளர்க்க எல்லா உதவியும் உண்டு. ஆனா போர்முனைக்கு இனி எப்பவும் போக முடியாது. ரெண்டாவதுல வெச்சா, படைக்குத் திரும்பலாம். உங்களை எடுத்துக்கற அணி எதுன்னு நான் தேடித் தரேன். குழந்தைங்க மேல உங்களுக்கு உரிமை இருக்காது. அவங்க அரசோட பிள்ளைங்க."

"அரசோட பிள்ளைங்கன்னா, பெரிசானதும்?"

"விருப்பப்பட்டா படைக்கு வரலாம். ஈட்டுயிர்களுக்கு முன்னுரிமை உண்டு."

"எடை எவ்வளவு?"

"மூணு. பெண்ணாச்சே."

பிரகாசி தட்டைப் பார்த்தாள். வழக்கம்போல மனம் வரிசை போடத் தொடங்கியது. முதல் கட்டம். இரண்டாம் கட்டம். இதில் எது குறைந்த கெடுதல் என்று எடைபோட ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினாள். இப்படித்தான் ஆறு வாரம் நண்டு தின்றுகொண்டு, வரிசை நியாயமானதுதான், நமக்கு முறை வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு மூணு பிள்ளைங்க இல்லியா?"

"ஆமா," என்றார் சங்கரபாண்டி, எதற்கென்று புரியாமல்.

"நீங்க முனைக்குப் போறப்போ அந்த மூணு பேர் மேலயும் ஒங்களுக்கு உரிமை போச்சா?"

"அதெப்படிப் போகும்?"

"பிள்ளைங்க இருக்காங்கன்னு படையிலேருந்து அனுப்பிட்டாங்களா?"

"இல்ல."

"அப்போ நீங்க சேர்றப்போ எந்தக் கட்டத்துல வெரல் வச்சீங்க?"

சங்கரபாண்டி இயக்குநரைப் பார்த்தார். பிரகாசி தட்டை இயக்குநர் பக்கம் திருப்பித் தள்ளினாள். அது மேசையில் கீறிக்கொண்டு போய் அவருடைய தேநீர்க் கோப்பையில் இடித்து நின்றது.

"அவரு வெரல் வச்ச கட்டத்தைக் காட்டுங்க. நான் அதுல வைக்கேன்."

"அப்படி ஒரு கட்டம் இல்லை, பிரகாசி."

"அவருக்கு இருந்துச்சே."

"சட்டத்துலயே இல்லைன்னு சொல்றேன். நான் என்ன பண்ண முடியும்? மாத்தணும்னா நாடாளுமன்றம் கூடணும். மாசக்கணக்கா ஆகும்."

"ஆகட்டும். எழுதி அனுப்புங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"இது அலுவலகம். இங்க இப்படி உட்கார முடியாது. காவலர்களைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க. அந்த மேட்டுல வந்தவனுவள விடப் பெரிய ஆளா வந்தா பாத்துக்கிடுதேன்."

சங்கரபாண்டி ஓரடி முன்னால் வந்தார். அவளைச் சமாதானப்படுத்தவா, வெளியே இழுத்துப் போகவா என்று அவருக்கே தெரியாத மாதிரி கை பாதியில் நின்றது. பிரகாசி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே சுவர்த்திரையில் சுருண்டு கிடந்த அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாசம் இன்னும் வரவில்லை. ஆனால் அவற்றுக்கு யாரும் எடை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது.

பின்னால் ஏதோ கரகரவென்று இழுபட்டது. வடிவம்மை கதவோரம் கிடந்த நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து பிரகாசியின் பக்கத்தில் போட்டாள். சாரத்தையும் சட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க," என்றார் இயக்குநர். "உடலை அனுப்பி வைக்க ஏற்பாடு பண்றேன்."

"நானும் இங்கயே இருக்கேன்," என்றாள் வடிவம்மை. "வீட்டுல போய் யாருக்குச் சமைக்க?"